திங்கள் காலை மட்டும் வரும் வயிற்றுவலி

பள்ளி நாளில் வயிற்றுவலி, சனிக்கிழமை சுகம். இப்படி இருந்தால் முதலில் பலதுறை மருந்தகத்தில் காட்டி உடல்கோளாறு இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு இரண்டு வாரம் நாள்காட்டியில் குறித்து வாருங்கள்: என்ன கிழமை, எத்தனை மணி, அன்று என்ன பாடம், முந்தைய இரவு எத்தனை மணிக்குத் தூக்கம். தொடக்கநிலைப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

“நடிக்காதே” என்று சொல்லிவிடாதீர்கள். கவலையில் வரும் வலியும் வலிதான். “ஏன் போக மாட்டேன்கிறாய்?” என்றால் பதில் வராது. புளோக்கைச் சுற்றிச் சேர்ந்து நடக்கும்போது, “பள்ளியில் எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?” என்று கேளுங்கள். இடைவேளை என்றால் நட்புச் சிக்கலோ பகடிவதையோ இருக்கலாம். குறிப்பிட்ட பாடம் என்றால் வேறு கதை.

பலரும் தடுமாறுவது இங்கேதான்: பாவம் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு நிம்மதி, மறுநாள் பயம் இரட்டிப்பு. வகுப்பாசிரியரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் பேசி, முதலில் இடைவேளை வரை, பிறகு முழுநாள் என்று படிப்படியாக அனுப்புங்கள். பாட்டி தாத்தாவும் அதே முடிவில் நிற்க வேண்டும். பகடிவதை என்றால் பள்ளி முதலில் அதை நிறுத்தியாக வேண்டும்.

பிள்ளை பேசத் தயங்கினால் சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கான உதவி எண் டிங்கிள் ஃபிரண்ட் 1800 2744 788, பெற்றோருக்கு மனநல உதவி எண் 1771. “செத்துப்போகணும்” என்று பிள்ளை சொன்னால், அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அது புதிதாக முளைக்காது. தனியே விடாமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767ஐ அழையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.