மின்புலம் ஒளியை வளைக்குமா? கணக்கிலும் சோதனையிலும் நேரும் தவறுகள்

மின்புலத்துக்குப் போகும் முன், ஒளியை ஈர்ப்பு வளைப்பதைப் பார்த்துவிடுவோம். ஒளிக்கு நிறை இல்லையே, ஈர்ப்பு அதை எப்படி வளைக்கும் என்று கேட்பவர்களுக்குப் பலர் தரும் பதில், ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றலை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்து ஒரு நிறையைக் கொடுத்துவிடுவது. தவறு அங்கேதான் தொடங்குகிறது. அந்த வழியில் போனால் சூரிய விளிம்பை உரசி வரும் ஒளிக்கு 0.87 வில்வினாடி (ஒரு வில்வினாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) வளைவுதான் கிடைக்கும். சரியான விடை 1.75. காலம் மெதுவாவதால் வருவது ஒரு பாதி. சூரியனைச் சுற்றியுள்ள வெளி (space) வளைந்திருப்பதால் வருவது மறுபாதி. 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது பிரேசிலின் சோப்ராலிலும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய பிரின்சிப்பித் தீவிலும் எடுத்த படங்களில் தேடியது இந்த இரண்டு மடங்கைத்தான்.

வளைவுக் கோணத்தின் கணக்கு: 4 × ஈர்ப்பு மாறிலி × சூரியனின் நிறை ÷ (ஒளிவேகத்தின் வர்க்கம் × தூரம்). தூரத்தைச் சூரியனின் மையத்திலிருந்து எடுக்க வேண்டும், பரப்பிலிருந்து அல்ல. வருவது ரேடியன், வில்வினாடியாக்க 206265-ஆல் பெருக்குங்கள். இந்த வளைவு எல்லா நிறத்துக்கும் ஒன்றே. நிறத்துக்கு நிறம் மாறினால், நடுவில் ஏதோ ஊடகம் இருக்கிறது என்று பொருள்.

மின்புலத்தின் கதை வேறு. எலக்ட்ரான் கற்றை மின்னூட்டிய தகடுகளுக்கிடையே வளைகிறது, ஒளியும் வளையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஃபோட்டானுக்கு மின்னூட்டம் இல்லை; மின்காந்தப் புலங்களை விவரிக்கும் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் வெற்றிடத்தில் நேரியல் (புலங்கள் வெறுமனே கூட்டப்படும்) என்பதால் புலங்கள் ஒன்றையொன்று தொடாமல் கடந்துவிடும். குவாண்டம் கோட்பாடு மிகச் சிறிய விலக்கத்தை அனுமதிக்கிறது. ஆனால் அதற்கான அளவுகோல் மீட்டருக்கு 1.3 × 10¹⁸ வோல்ட்; காற்றோ 3 × 10⁶-லேயே மின்பொறி விட்டுவிடும்.

ஊடகத்துக்குள் நிலைமை மாறும். கெர், போக்கல்ஸ் விளைவுகளில் மின்புலம் பொருளின் ஒளிவிலகல் எண்ணை மாற்றுகிறது. இங்கே அடிக்கடி நழுவும் இடம் ஒன்று: கற்றையின் அகலம் முழுக்க புலம் சீராக இருந்தால், தகடுகளுக்கு இணையாகச் செல்லும் கற்றை திரும்பாது, அதன் கட்டமும் (அலை தன் சுழற்சியில் இருக்கும் நிலை) தளவிளைவும் (அலை அதிரும் திசை) மட்டுமே மாறும். திரும்ப வேண்டுமானால், கற்றையின் குறுக்கே ஒளிவிலகல் எண் ஏறியோ இறங்கியோ இருக்க வேண்டும்.

உயர் மின்னழுத்தத் தகடுகளுக்கிடையே லேசரை விட்டு, புள்ளி நகர்ந்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது சூடான காற்றும் அயனிக் காற்றும் (மின்னூட்டம் பெற்ற துகள்கள் தள்ளும் காற்றோட்டம்) செய்யும் வேலை. மின்சாரத்தை நிறுத்துங்கள்: புலம் உடனே மறையும், வெப்பம் மெல்லத்தான் தணியும். புள்ளி ஊர்ந்து ஊர்ந்து பழைய இடத்துக்கு வந்தால், குற்றவாளி காற்று. சந்தேகம் தீராவிட்டால் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.