மெஷின் நிற்கும் நாட்களில் கற்றுக்கொள்ளுங்கள்

திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நூற்பாலையில் பதினெட்டு வயதில் டாஃபராக, அதாவது நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி மாற்றும் வேலைக்கு, சேர்ந்தேன். பிறகு சைடர், மெஷினின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டு அறுந்த இழையை ஒட்டும் வேலை. இப்போது வயது நாற்பத்தொன்று. மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். இதற்குள் இரண்டு முறை தொழில் மந்தமாகி வேலை ஆட்டம் கண்டது. முதல் முறை வேலை போயே போய்விட்டது. இரண்டாவது முறை நிலைத்தது. இரண்டுக்கும் நடுவில் நான் என்ன கற்றுக்கொண்டேன் என்பதை எழுதுகிறேன். ஆலைக்காரர்களை நினைத்து எழுதினாலும், கங்கைகொண்டான் சிப்காட்டில் இருப்பவர்களுக்கும் பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளில் இருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

மந்தம் வருவதைக் குடோனைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நூல் சுற்றிய கோன் பெட்டிகள் வெளியே போகாமல் கூரைவரை ஏறும். பஞ்சு லாரி வருவது குறையும். அடுத்து ஓவர்டைம் நிற்கும், பிறகு மூன்றாம் ஷிப்ட் நிற்கும். 2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விற்கிற விலைக்கு இந்தப் பஞ்சை வாங்கிக் கட்டுப்படியாகாது என்று தமிழ்நாடு முழுக்கப் பல ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. எங்கள் ஆலையில் நூல் நூற்கும் மெஷின்களான ரிங் ஃப்ரேம்களில் நான்கை நிறுத்தினார்கள்.

நின்ற மெஷினைப் பார்த்தால் வயிறு கலங்கும். எனக்கும் கலங்கியது. ஆனால் ஓடுகிற மெஷினை யாரும் உங்களுக்குப் பழகிக்கொள்ளக் கொடுக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் நின்றால் எத்தனை கிலோ நஷ்டம் என்று கணக்குப் பார்ப்பார்கள். மந்தத்தில் அந்தக் கணக்கு இல்லை. மெஷின் சும்மா நிற்கிறது, விஷயம் தெரிந்த ஃபிட்டர் பக்கத்திலேயே இருக்கிறார், குறைவாகவேனும் சம்பளம் வருகிறது. இந்த மூன்றும் ஒன்றாக அமைவது சில வாரங்களுக்குத்தான். அந்த வாரங்களைக் கேன்டீனில் வதந்தி பேசிக் கழித்துவிடாதீர்கள்.

கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள். “ஏதாவது கற்றுக்கொடுங்கள்” என்றால் மேலாளர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். நான் கேட்டது இதுதான்: “சார், நான்காம் நம்பர் ஃப்ரேமை ஓவர்ஹாலிங் செய்யும்போது நானும் நிற்கிறேன். என் சைடு இப்போது குறைந்துவிட்டது. காலை எட்டிலிருந்து பத்துவரை விடுங்கள், போதும்.” எந்த வேலை, எந்த நேரம், யாருடன் என்பது தெளிவாக இருந்தால் மறுக்கக் காரணம் கிடைக்காது. சம்பளமில்லாமல் ஷிப்ட் முடிந்து நிற்க மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பயிற்சி ஷிப்டுக்குள்ளேயே நடக்கட்டும்.

முதல் இரண்டு நாள் ஃபிட்டர் அண்ணாச்சி கழிவுப் பஞ்சைக் கொடுத்துத் துடைக்கத்தான் சொன்னார். துடைத்தேன். துடைக்கும்போதுதான் எந்தப் பாகம் எதோடு சேர்கிறது என்று கண்ணில் பட்டது. மூன்றாம் நாள் கேட்டேன்.

“அண்ணாச்சி, ஒரு ஸ்பிண்டிலுக்கு நான் சென்டர் பார்க்கட்டுமா?” ஸ்பிண்டில் என்பது நூல் சுற்றும் கதிர். அது ரிங் என்ற வளையத்தின் நட்ட நடுவில் நிற்க வேண்டும்.

“பார் தாயி. தப்பாகிப் போனால் நான் இருக்கிறேன்.”

கேஜ் என்ற அளவுக்கருவியை ஸ்பிண்டிலின் மேல் செருக வேண்டும். ரிங்கின் வட்டத்துக்குள் அது எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால், கீழே நட்டைத் தளர்த்தி மயிரிழை அளவு நகர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். இறுக்கும்போதே மறுபடி விலகும். முதல் ஸ்பிண்டிலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அண்ணாச்சி பக்கத்தில் நின்றார், ஆனால் ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கவே இல்லை. அடுத்த நாள் இரண்டு மணி நேரத்தில் ஏழு முடித்தேன். அத்தனை வருடம் சைடராக அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே இருந்தவள் நான். சில ஸ்பிண்டிலில் மட்டும் ஏன் ஓயாமல் அறுகிறது என்பது அன்றைக்குத்தான் கைக்குப் பிடிபட்டது. ஸ்பிண்டில் நடுவில் இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் இழையின் இழுப்பு ஏறி இறங்கும், ரிங்கின் மேல் இழையோடு ஓடும் டிராவலர் என்ற சிறு கொக்கியும் சீக்கிரம் தேயும்.

எதைக் கற்பது? உங்கள் வேலைக்கு ஒட்டியிருக்கும் அடுத்த வேலையை. சைடர் என்றால் மெயின்டனன்ஸ். கோன் வைண்டிங் என்றால் தரப் பரிசோதனை. எலெக்ட்ரீஷியன் என்றால் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் டிரைவ், மெஷினைத் தானாக இயக்கும் பி.எல்.சி. சம்பந்தமே இல்லாத ஒரு படிப்பில் கடன் வாங்கிச் சேர்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பேரிங்கும் மோட்டாரும் பேனலும் அரிசி ஆலையிலும் இருக்கின்றன, காற்றாலையிலும் இருக்கின்றன. தெரிந்த கைக்கு இடம் மாறுவது எளிது.

கற்றதை அன்றன்றே நோட்டில் எழுதுங்கள். தேதி, மெஷின் நம்பர், என்ன கோளாறு, என்ன காரணம், என்ன செய்தேன், எவ்வளவு நேரம் ஆனது. ஒரு நாளுக்கு நான்கு வரி போதும். நேர்காணலில் “மெயின்டனன்ஸ் தெரியும்” என்று வாயால் சொல்வதைவிட அந்த நோட்டைத் திறந்து வைப்பது நன்றாகப் பேசும்.

இனி காகிதம். 2012 மின்வெட்டை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பகலில் மின்சாரம் இருந்த நேரத்தை விரல்விட்டு எண்ணலாம். நான் முதலில் இருந்த ஆலை டீசல் செலவு தாங்காமல் மூடியது. அனுபவச் சான்று கேட்டு மூன்று முறை நடந்தேன். அலுவலகத்தில் கையெழுத்துப் போட ஆளே இல்லை. ஒன்பது வருட உழைப்பு என் வாய்ச்சொல்லாக மட்டும் மிஞ்சியது. அடுத்த ஆலையில் புது ஆளுக்கான கூலிதான் கொடுத்தார்கள். நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது. அதனால் ஆலை ஓடும்போதே அனுபவச் சான்று வாங்கிவிடுங்கள். அதில் பிரிவு, மெஷின், சேர்ந்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணில் உங்கள் இப்போதைய மொபைல் எண் இருக்கிறதா, ஆதாரில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

சான்றிதழ் இல்லாமல் கை வேலை மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஐ.டி.ஐ. மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அதற்கும் அந்த அனுபவச் சான்றுதான் சாவி. திருநெல்வேலி பேட்டையில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, நேரில் போய் விசாரியுங்கள். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் சேர ஆண்களுக்கு 40 வயதுவரை அனுமதி, பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட தங்கச்சிமார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆட்குறைப்பே வந்துவிட்டால் வெறுங்கையோடு வெளியே வராதீர்கள். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் இழப்பீடாகத் தரச் சட்டம் சொல்கிறது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் மறுபயிற்சி நிதி என்று ஒன்றும் இருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவரின் 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையை முதலாளி அதில் செலுத்த வேண்டும். அது தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். “ராஜினாமா” என்று எழுதியிருந்தால் நிச்சயம் போடாதீர்கள்.

கந்துவட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். மகளிர் குழுக் கடன், நகைக்கடன் எல்லாம் பார்த்த பிறகும் போதாவிட்டால் செலவைத்தான் குறைக்க வேண்டும்.

நின்ற ஃப்ரேம்கள் மறுபடி ஓடியபோது என்னை மெயின்டனன்ஸுக்கு மாற்றினார்கள். இப்போது இரண்டு பெண்கள் என்னிடம் பழகுகிறார்கள். கற்றுக்கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் அண்ணாச்சி செய்ததைச் செய்யுங்கள். ஒரு தடவை செய்து காட்டுங்கள், பிறகு அவர்கள் செய்யட்டும், ஏன் அப்படிச் செய்தாய் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். ஸ்பேனரைப் பிடுங்காதீர்கள். போன வாரம் ஒருத்தி முதல் ஸ்பிண்டிலோடு ஐம்பது நிமிடம் மல்லுக்கட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கேஜ் எங்கும் உரசாமல் உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்த்து, “அக்கா, அடுத்தது” என்றாள்.