பாப்பிரஸ் தாளை வீட்டிலேயே செய்வது எப்படி?

பண்டைய எகிப்தியர் எழுதிய பாப்பிரஸ் தாள் பாயைப் போலப் பின்னப்பட்டது என்று நம் பக்கம் பலரும் நினைக்கிறார்கள். பள்ளிக் கண்காட்சிகளில் பிள்ளைகளும் காகிதக் கீற்றுகளைப் பின்னித்தான் வைக்கிறார்கள். உண்மையில் அதில் பின்னலே கிடையாது. கரூர்ப் பக்கம் காவிரிக் கரையில் விளையும் பாய்க்கோரையும் நைல் நதிக்கரைப் பாப்பிரஸும் சைப்பரஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. குறுக்கே வெட்டினால் இரண்டின் தண்டும் முக்கோணமாகத்தான் இருக்கும். ஆனாலும் பாய்க்கோரை தாளுக்கு ஆகாத அளவு மெல்லியது என்பதால், அல்லித் தொட்டிகளுக்காக நர்சரிகளில் விற்கும் பாப்பிரஸ் செடியை வளர்த்து, விரல் பருமனுள்ள தண்டுகளை அறுத்துக்கொள்ளுங்கள்.

தண்டை ஒரு சாண் துண்டுகளாக நறுக்கி, பச்சைத் தோலைச் சீவிவிட்டு, உள்ளிருக்கும் வெண்ணிறச் சோற்றை நீளவாக்கில் மெல்லிய கீற்றுகளாக அரிய வேண்டும். கெய்ரோவில் 1960களில் இந்தத் தொழிலை மீட்டெடுத்தவர் ஹசன் ரகப். இப்போது அங்கே கீற்றுகளைச் சில நாள் நீரில் ஊறவைத்து, உருளையால் நசுக்கி நீரைப் பிழிகிறார்கள். நமக்குச் சப்பாத்திக் கட்டை போதும்.

ஈரமான காடாத் துணியின் மேல் கீற்றுகளை விளிம்போடு விளிம்பு சற்றே ஏறியிருக்குமாறு நெடுக்காக அடுக்கி, அதன்மேல் இன்னொரு அடுக்கைக் குறுக்காக வையுங்கள். தறிக்காரர் கண்ணுக்குப் பாவும் ஊடையும் போலத் தெரியும். ஆனால் ஒன்றுக்குள் ஒன்று நுழையாமல், சாறும் அழுத்தமும் சேர்ந்தே இரண்டு அடுக்குகளையும் ஒட்டவைக்கின்றன. மேலே துணி போர்த்தி, பலகை வைத்து, அம்மிக்கல்லை ஏற்றிவிடுங்கள். துணியைத் தினமும் மாற்றுவது கட்டாயம். முதல் முறை நான் சோம்பல்பட்டு மூன்று நாள் விட்டுவிட்டேன். நான்காம் நாள் பலகையைத் தூக்கியபோது தாள் முழுவதும் கரும்புள்ளிப் பூஞ்சணம் பூத்திருந்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் தாள் காய்ந்துவிடும். பிறகு சோழியால் தேய்த்தால் வழவழப்பு வரும்.

மைக்கு விளக்குப் புகைக்கரியையும் கருவேலம் பிசினையும் நீரில் குழைத்தால் போதும். எகிப்தியரும் கரியை வேலம் பிசினில்தான் கலந்தார்கள்; தலைப்புகளைச் செங்காவியில் எழுதினார்கள். நாணல் போன்ற மெல்லிய தண்டின் நுனியைச் சாய்வாக வெட்டி, மென்று தூரிகையாக்குவது அவர்கள் வழக்கம். அந்த வேலைக்குப் பாய்க்கோரை பொருத்தமாக இருக்கிறது.

கீற்றுகள் கிடைமட்டமாக ஓடும் பக்கத்தில் எழுதத் தொடங்குங்கள். என்ன எழுதுவது என்று தயங்கினால் மெரரைப் பின்பற்றலாம். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன், கூஃபு மன்னனின் பிரமிடுக்காக, ஏறத்தாழ 40 ஆட்களுடன் தூராவிலிருந்து கீசாவுக்குச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் கொண்டுபோன மேற்பார்வையாளர் அவர். அவருடைய நாள்வாரிக் குறிப்புகள் 2013இல் செங்கடலோரம் வாடி அல்-ஜார்ஃபில் கிடைத்தன. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் அவையும் சேரும்.

என் மகள் தன் முதல் தாளில், எங்கள் களத்திலிருந்து ஈரோட்டு மண்டிக்குப் போன மஞ்சள் மூட்டைகளைக் கட்டம் போட்டு நாள்வாரியாக எழுதியிருக்கிறாள். தலைப்பு மட்டும் செங்காவியில்.