சிறையில் இருப்பவருக்கு மருத்துவம் கேட்டுப் பெறும் முறை

குன்னூரிலோ கூடலூரிலோ இருக்கும் குடும்பத்தினருக்கு, கோவை மத்திய சிறையிலுள்ள உறவினரைப் பார்த்துவருவதே ஒரு நாள் பயணம். ஆகவே, நேர்காணலின்போது அவருடைய நோய், உட்கொள்ளும் மருந்து, அளவு ஆகியவற்றைக் கேட்டு அன்றே குறித்துக்கொள்ள வேண்டும்.

நோயுற்ற கைதியைப் பற்றிக் காவலர் தாமதமின்றிச் சிறை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், அந்த அதிகாரி அதை மருத்துவப் பணியாளரின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும் 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம், 37ஆம் பிரிவில் கூறுகிறது. ஆகவே இது சலுகை அன்று, கெஞ்ச வேண்டியதில்லை. பழைய மருந்துச் சீட்டுகளின் நகல்களை இணைத்துக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை கிடைக்கும்படி விரைவஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்குச் சான்று இராது.

பதில் வராவிட்டால், உதகமண்டலத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். காவலில் உள்ளவருக்கு, வருமானம் எவ்வளவாயினும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி உதவி எண் 15100. விசாரணைக் கைதியாயின், வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே வழக்கறிஞர் வழியாகச் சிகிச்சைக்கு உத்தரவு கோரலாம். நோயுற்றவர், உடல் தளர்ந்தவர் என்பதைக் கருதிப் பிணை வழங்கவும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆம் பிரிவு இடமளிக்கிறது. பிணை மனுவுடன் மருத்துவ அறிக்கையையும் சேர்க்க வேண்டும்.