விண்டோஸ் 10 லப்டொப்பை என்ன செய்யலாம்: பழைய தட்டை (ஹார்ட் டிஸ்க்கை) அழிக்காமல் லினக்ஸுக்கு மாறும் வழி

2025 ஒக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கணினி தெரிந்த நாலு பேர் கூடினால் கதை இதில்தான் போய் நிற்கிறது. ரவுணில் கடைக்காரரைக் கேட்டால் "புதுசு ஒண்டு எடுங்கோ" என்பார். கம்பஸ் பெடியளைக் கேட்டால் "லினக்ஸ் போடுங்கோ அண்ணை, பறக்கும்" என்பார்கள்; விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் அது. "ஒண்டும் செய்யத் தேவையில்லை, அது பாட்டுக்கு ஓடும்" என்று சொல்லவும் ஒருவர் இருப்பார். மூவரும் உங்கள் லப்டொப்பைத் திறந்து பார்க்காமல்தான் சொல்கிறார்கள்.

கீழே உள்ள ஒழுங்கில் செய்தால் எந்த இடத்திலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். காசு செலவாவது நடுவில்தான், அதுவும் சோதித்துப் பார்த்த பிறகு.

1. முதலில் செயலியின் எண்ணைப் பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குப் போய் செயலியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐ5-6200யூ என்றிருந்தால் இன்டெல் 6-ஆம் தலைமுறை. ஐ5-8250யூ என்றால் 8-ஆம் தலைமுறை.

இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும், ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியவையும் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கும். "உங்கள் கணினி தகுதியற்றது" என்று வந்தாலும் உடனே நம்பவேண்டாம். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பயோஸில் (விண்டோஸ் தொடங்குமுன் ஓடும் அடிப்படை அமைப்பில்) அணைந்து கிடக்கலாம். இன்டெல்லில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதை இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். சரிவந்தால் இலவசமாகவே மேம்படுத்தலாம், இந்தக் கட்டுரையின் மிச்சம் உங்களுக்குத் தேவைப்படாது.

அதற்கு முந்திய செயலி என்றால் மூன்று வழி உண்டு. ஒன்று, மைக்ரோசொப்ட் தரும் நீடித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு. தனிநபர்களுக்கு அது 2026 ஒக்டோபர் 13 வரை. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பும் மைக்ரோசொப்ட் கணக்கும் இருக்கவேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதியலாம். இது தவணை வாங்குவதுதான், தீர்வு அல்ல. இரண்டாவது, நிறுவல் பென்ட்ரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போடுவது. பலர் செய்கிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் போடவேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து மிகப் பழைய செயலிகளில் அது தொடங்கவே தொடங்காது. தொடக்கநிலையாளருக்கு இதை நான் சொல்லமாட்டேன். மூன்றாவது வழி லினக்ஸ்.

2. பென்ட்ரைவ் தயாரித்தல்

லினக்ஸில் பல வகை உண்டு, எதைப் போடுவது என்று கேட்டால் அது இன்னொரு முடியாத சண்டை. விண்டோஸில் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட் போதும். 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 8 ஜிபி ரேம் இருந்தால் சினமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு.

மின்ட் தளத்திலிருந்து இறக்கும் நிறுவல் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. போன் டேட்டாவில் இறக்குபவர்கள் இரவு டேட்டாவுக்கு விடுங்கள். இடையில் அறுந்தால் தொடர வசதியாக டொரண்ட் வழியே எடுப்பது நல்லது. இறக்கியதும் அதன் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் கைரேகை போன்றது) சரிபாருங்கள். விண்டோஸில் 7-ஸிப் இருந்தால் கோப்பின்மேல் வலது கிளிக் செய்தாலே அந்தக் கணக்கு கிடைக்கும். மின்ட் தளத்தில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்கவேண்டும். நிறுவல் பாதியில் நின்றுபோவதற்குக் குறைபட்ட கோப்பு ஒரு முக்கிய காரணம். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்தான்.

8 ஜிபி பென்ட்ரைவ் போதும். அதிலுள்ளதெல்லாம் அழியும். மலிவாகக் கிடைக்கும் பெரிய கொள்ளளவு பென்ட்ரைவ்களில் போலி உண்டு. 64 ஜிபி என்று காட்டும், உள்ளே 8-உம் இராது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருள் முழுவதையும் எழுதி வாசித்து உண்மையைச் சொல்லிவிடும்.

பிறகு ரூஃபஸைத் திறந்து, பென்ட்ரைவையும் கோப்பையும் தெரிவுசெய்து தொடங்குங்கள். ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்டால் ஐஎஸ்ஓ. அதில் தொடங்க மறுத்தால் மட்டும் டிடி முறையில் மறுபடி எழுதுங்கள்.

3. எதையும் நிறுவாமல் ஓட்டிப் பார்த்தல்

லப்டொப்பை அணைத்து, பென்ட்ரைவைச் செருகி, ஓன் செய்த உடனே தொடக்கப் பட்டியலுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் எஃப்12. எச்பியில் எஃப்9. அசூஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12-தான், ஆனால் பயோஸில் அதை முதலில் இயக்கிவிடவேண்டி வரலாம்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய லப்டொப் என்றால் இங்கே இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். கம்பனிகள் கழித்துவிட்ட மெசின்களில் பயோஸ் கடவுச்சொல் போட்டிருப்பார்கள். அது தெரியாவிட்டால் மேற்கொண்டு போவது கடினம். அனுப்பியவரிடம் இப்போதே கேளுங்கள். மற்றது விசைப்பலகை. பிரான்ஸிலிருந்து வந்ததில் ஏ-யும் கியூ-வும் இடம் மாறியிருக்கும், ஜேர்மனியிலிருந்து வந்ததில் வை-யும் இசட்-டும். நிறுவும்போது அமைப்பைப் பிழையாகத் தெரிவுசெய்துவிட்டு, போட்ட கடவுச்சொல் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

சார்ஜர் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு முள் ஐரோப்பிய பிளக்கை 13 அம்பியர் சொக்கெட்டில் செருக, மேல் ஓட்டைக்குள் பேனையைக் குத்தித் திறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். அதற்குள் சரியாக இறுகாத பிளக் சூடேறிக் கருகும், எர்த்தும் கிடைக்காது. சார்ஜர் பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் வயர் தனியாகக் கழலும். அதை மட்டும் 13 அம்பியர் பிளக் உள்ளதாக மாற்றினால் முடிந்தது.

மின்ட் திரை வந்ததும் அவசரப்பட்டு நிறுவவேண்டாம். பென்ட்ரைவிலிருந்து ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும். வேகத்தை வைத்து இப்போது எதையும் தீர்மானிக்காதீர்கள். பார்க்கவேண்டியவை: வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கமெரா, டச்பேட், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா. வைஃபை பட்டியலே வராவிட்டால் உள்ளே பெரும்பாலும் புரோட்கொம் அட்டை இருக்கும். போனை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் போட்டு, ட்ரைவர் மேனேஜரைத் திறந்தால் உரிய ட்ரைவரைக் காட்டும்.

பிரிண்டரையும் இப்போதே இணைத்துப் பாருங்கள். எச்பியில் பெரும்பாலானவை உடனே பிடிக்கும். கெனன் எல்பிபி2900 போன்ற பழைய லேசர்கள் லினக்ஸில் நிறையவே வதைக்கும். தினமும் அதில் அச்சடிப்பவர் என்றால் அது ஒரு பெரிய தடைதான்.

4. எஸ்எஸ்டி வாங்குதல்

இங்கேதான் காசு போகிறது, பலனும் இங்கேதான். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் சும்மா இருக்கும்போதே 100 சதவீதம் காட்டினால் உங்கள் லப்டொப் மெதுவாக இருப்பது செயலியாலோ விண்டோஸாலோ அல்ல, சுழலும் ஹார்ட் டிஸ்க்கால். சிறு சிறு கோப்புகளை அங்குமிங்குமாக வாசிக்கும்போது அது விநாடிக்கு ஒரு எம்பி அளவுக்குக்கூட இறங்கிவிடும். எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகம் இல்லாத தட்டு; சாட்டா என்ற வழக்கமான இணைப்பு வகை எஸ்எஸ்டியில் அந்த வேலை பல மடங்கு விரைவு. "லினக்ஸ் போட்டதும் பறக்குது" என்பவர்களில் பாதிப் பேர் அதே நேரத்தில் எஸ்எஸ்டியும் போட்டவர்கள், புகழ் மட்டும் லினக்ஸுக்குப் போகிறது.

2.5 அங்குல சாட்டா, 240 அல்லது 256 ஜிபி தாராளம். புதியவை 7 மிமீ தடிப்பு. உங்கள் பழைய தட்டு 9.5 மிமீ ஆக இருந்தால் எஸ்எஸ்டி ஆடாமல் இருக்க ஒரு சிறு சட்டம் வேண்டும், பல பெட்டிகளிலேயே அது வரும். எம்.2 இடம் (சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருக்கிறதென்று என்விஎம்ஈ என்ற வேகமான வகையை வாங்கிவிடாதீர்கள். பழைய மெசின்கள் சிலவற்றின் எம்.2 இடம் சாட்டா வகையை மட்டும்தான் ஏற்கும். மாதிரி எண்ணை வைத்துச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள். கூடவே ஒரு 2.5 அங்குல யூஎஸ்பி உறையும் வாங்குங்கள், அது ஏன் என்று கீழே வருகிறது.

ரேம் கூட்டவேண்டுமா? 8 ஜிபி இருந்தால் தேவையில்லை. 4 ஜிபி என்றால் கூட்டலாம், ஆனால் முதலில் எஸ்எஸ்டி. ஏஐ தரவு மையங்களுக்காக உற்பத்தியாளர்கள் பக்கம் மாறியதால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடக்கிறது. குரூஷியல் என்ற பெயரில் விற்றுவந்த மைக்ரோன், அந்த நுகர்வோர் வியாபாரத்தையே விடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே திருத்தும் கடைகளில் செத்த லப்டொப்புகளிலிருந்து கழற்றிய துண்டுகளைக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. டிடிஆர்3-எல் என்றால் 1.35 வோல்ட், சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட். இரண்டும் ஒரே சொக்கெட்டில் ஏறும், ஆனால் 4-ஆம் தலைமுறை இன்டெல் லப்டொப்புகள் எல் வகையைத்தான் கேட்கும். மாற்றிப் போட்டால் திரையே வராது. டிடிஆர்4-இன் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் பிழையாகச் செருக இயலாது.

5. தட்டை மாற்றுதல்

விண்டோஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுதாக அணையும். அதற்கு முன் பிட்லொக்கர் (தட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்பு எண் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். பிறகு சார்ஜரையும் பற்றரியையும் கழற்றுங்கள். உள்ளே பொருத்திய பற்றரி என்றால் மூடியைத் திறந்த உடனே அதன் இணைப்பைப் பிடுங்குங்கள்.

ஸ்குரூக்களை அவை இருந்த இடத்துக்கேற்ப ஒரு தாளில் வரைந்து அதன்மேல் வையுங்கள். எல்லாம் ஒரே நீளம் அல்ல. நீளமானதைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் கை வைக்கும் பக்கத்தில் வீங்கி வெளியே தெரியும்.

கழற்றிய பழைய தட்டை அழிக்கவேண்டாம். யூஎஸ்பி உறைக்குள் போடுங்கள். உங்கள் கோப்புகள், எழுத்துருக்கள், விண்டோஸ் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். பிடிக்காவிட்டால் திரும்ப மாட்டினால் நேற்றுப்போல ஓடும். "இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாம்தானே" என்று சொல்வார்கள். வைக்கலாம், ஆனால் முதன்முறை செய்பவர் பிரிவை மாற்றி அழிப்பது அங்கேதான்.

6. நிறுவுதல்

பற்றரி செத்த லப்டொப் என்றால் யூபிஎஸ்ஸில் போடுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போகாதென்று நம்பக்கூடிய நேரம் பாருங்கள். மாரி இடி மின்னலில் வேண்டவே வேண்டாம்.

பென்ட்ரைவிலிருந்து மறுபடி தொடங்கி, திரையிலுள்ள நிறுவல் சின்னத்தை அழுத்துங்கள். மொழி ஆங்கிலமாகவே இருக்கட்டும், தமிழ் இடைமுகம் உண்டு என்றாலும் ஒரு பிழைச்செய்தியைத் தேடும்போது ஆங்கிலம்தான் உதவும். விசைப்பலகை அமைப்பைச் சோதனைப் பெட்டியில் தட்டிப் பாருங்கள். பாட்டு, வீடியோ ஓடுவதற்கான மல்டிமீடியா கோடெக் பெட்டியைக் குறியிடுங்கள். தட்டை முழுதாக அழித்து நிறுவு என்பதைத் தெரிவுசெய்யலாம், உள்ளே இருப்பது வெறும் எஸ்எஸ்டிதானே. உறையிலுள்ள பழைய தட்டு மட்டும் இந்நேரம் இணைந்திருக்கக்கூடாது. நேரவலயம் கொழும்பு. முடிந்ததும் முதலில் டைம்ஷிஃப்ட் என்ற மின்ட் கருவியில் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு நகல், பிறகு புதுப்பிப்புகள்.

7. தமிழ்

மென்பொருள் நிறுவும் கருவியான சினாப்டிக்கில், தமிழ் தட்டச்சுக்கான ஐபஸ்-எம்17என் தேடி நிறுவி, இன்புட் மெதட் கருவியில் ஐபஸ்ஸைத் தெரிவுசெய்து, வெளியேறி உள்நுழையுங்கள். ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99, ரெங்கநாதன், ஒலிபெயர்ப்பு முறை ஆகிய விசைப்பலகை அமைப்புகள் எல்லாம் கிடைக்கும். ரெங்கநாதன்தான் இலங்கையின் தரநிலை விசைப்பலகை.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் எழுதிய பழைய வினாத்தாள்களும் கடிதங்களும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரிந்தால் கோப்பு பழுதாகவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பழைய தட்டின் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபொன்ட்ஸைத் திறந்து, பாமினிக் கோப்பைப் பிரதி எடுத்து, மின்டில் இருமுறை கிளிக் செய்து நிறுவுங்கள். மின்டோடு வரும் லிப்ரே ஒஃபிஸில் (வேர்ட் போன்ற மென்பொருள்) திறக்கும், அதே எழுத்துருவில் தொடர்ந்து எழுதவும் முடியும். வேர்டில் போட்ட அட்டவணைகள் சற்று நகர்ந்து தெரியலாம். அச்சடிக்குமுன் பிடிஎஃப் ஆக்கிப் பார்த்துவிடுங்கள்.

பேஜ்மேக்கர், போட்டோஷொப், கோரல்ட்ரோ வைத்துத் தொழில் செய்யும் அச்சகங்களுக்கு மட்டும் இந்த வழி இல்லை. பழைய விண்டோஸை இணையத்தில் இணைக்காமல் அந்த வேலைக்கென்று தனியே வைத்திருங்கள், கோப்புகளைப் பென்ட்ரைவில் கொண்டுபோங்கள்.

தொடங்க மறுத்தால்

பென்ட்ரைவைக் கழற்றிய பின் "தொடக்கத் தட்டு இல்லை" என்று வந்தால் பயோஸில் தொடக்க ஒழுங்கைப் பாருங்கள், உபுண்டு என்ற பெயரில் ஒரு வரி இருக்கும், அதை மேலே ஏற்றுங்கள். மின்ட் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டதால் அந்தப் பெயர். அந்த வரியே இல்லாவிட்டால் பென்ட்ரைவ் பழைய லெகசி முறையில் தொடங்கியிருக்கும். தொடக்கப் பட்டியலில் யூஈஎஃப்ஐ (புதிய தொடக்க முறை) என்று முன்னொட்டு உள்ள வரியைத் தெரிவுசெய்து மறுபடி நிறுவுங்கள். எஸ்எஸ்டியே பட்டியலில் வராவிட்டால் கரண்டைக் கழற்றி, தட்டை எடுத்து மறுபடி நேராகத் தள்ளுங்கள். சில மாதிரிகளில் தட்டு மெல்லிய நாடா வயரில் தொங்கும், அந்த வயரின் மறுமுனை பலகையிலிருந்து கழன்றிருக்கும்.