பல்கலைக்கழகக் கலைக்கூடம் ஒன்றின் பழைய கண்காட்சிகளைத் தேடித் தொகுப்பது எப்படி?

ஒரு பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இத்தனை வருஷத்தில் என்னென்ன கண்காட்சிகள் நடந்தன என்று தெரிய வேண்டுமா, அந்தக் கூடத்தின் இணையதளத்தைத் திறந்தால் போதும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். பாதி கிடைக்கும். தலைப்பு இருக்கும், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, கூடவே ஒரு படம். அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டால் ஆய்வேட்டுக்கும் உதவாது, விக்கிப்பீடியா கட்டுரைக்கும் உதவாது. ஏனென்றால் அந்தக் கண்காட்சி எங்கிருந்து வந்தது, சுவரில் தொங்கியது யாருடைய பொருள், ஏன் அந்த வருஷம் அதைச் செய்தார்கள் என்கிற மூன்றுமே அதில் இருக்காது. என்னைக் கேட்டால் "எங்கிருந்து வந்தது" என்பதுதான் முதலில் பிடிக்க வேண்டிய இழை, மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கிரே கலைக்கூடத்தை வைத்துச் சொல்கிறேன். பெரிய இடம் கிடையாது. ஆனால் இந்த மாதிரி வேலையில் வரக்கூடிய சிக்கல் அத்தனையும் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். அதில் பழகிக்கொண்டால் வேறு எந்தப் பல்கலைக்கழகக் கூடத்துக்கும் இதே வழியில் போகலாம்.

முதலில், பட்டியல் எந்த வருஷத்தில் தொடங்குகிறது என்று முடிவு செய்யுங்கள். சுலபமாகத் தோன்றும், ஆனால் இல்லை. கிரே கலைக்கூடம் 1975இல் திறக்கப்பட்டது, சரி. ஆனால் வாஷிங்டன் சதுக்கத்தில் அதே கட்டடத்தில் அதற்கு ரொம்ப முன்னால், 1927 டிசம்பரில், ஏ. இ. காலட்டின் என்ற ஓவியரும் சேகரிப்பாளருமான ஒருவர் 'கேலரி ஆஃப் லிவிங் ஆர்ட்' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். மாணவர்கள் உட்கார்ந்து படிக்கிற ஹால்தான் இடம். சுவரில் பிக்காசோ, லெஜே, மிரோ, மோண்ட்ரியன். கீழே பையன்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் திறந்தது 1929 நவம்பரில்தான் என்பதை இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், ஒரு படிப்பறை அதைவிட ஏறக்குறைய இரண்டு வருஷம் முந்திக்கொண்டிருக்கிறது. 1936இல் பெயர் 'மியூசியம் ஆஃப் லிவிங் ஆர்ட்' என்று மாறியது. 1942 கடைசியில் பல்கலைக்கழகம் அந்த இடம் நூலக வேலைக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டது. படங்கள் 1943இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. (அந்த முடிவை எடுத்த கூட்டத்தில் இருந்தவர்கள் பிற்பாடு அந்தப் படங்களின் விலையைக் கேள்விப்பட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஆசை உண்டு.)

இப்போது உங்கள் பட்டியல் 1927இலா, 1975இலா? இரண்டும் வேறு வேறு அமைப்பு. நான் இரண்டையும் ஒரே கோப்பில் வைப்பேன், ஆனால் தனித்தனித் தாளில். நிறுவனத்தின் வரலாறு 1975இல் தொடங்குகிறது, இடத்தின் வரலாறு 1927இல் தொடங்குகிறது என்று கோப்பின் மேலேயே ஒரு வரி எழுதிவிட்டால் பிறகு வருகிறவர்கள் குழம்ப மாட்டார்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் 2003இல் இதே கிரே கூடம் காலட்டினையும் அவருடைய நண்பர்களையும் பற்றி 'தி பார்க் அவென்யூ கியூபிஸ்ட்ஸ்' என்று நடத்திய கண்காட்சிக்கு அர்த்தமே விளங்காது. தன் சுவரின் பழைய சொந்தக்காரரைக் கூப்பிட்டு அது மரியாதை செய்திருக்கிறது என்பது இரண்டு தாளையும் சேர்த்துப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

அப்புறம் எக்செல் தாளைத் திறங்கள். கூகுள் ஷீட் என்றாலும் சரிதான். தலைப்பு, தொடக்கம், முடிவு, க்யூரேட்டர் (கண்காட்சியைத் திட்டமிட்டுத் தொகுத்தவர்), நடந்த இடம் என்று எல்லாரும் போடுகிற கட்டங்களைப் போட்டுவிட்டு, இன்னும் இரண்டைச் சேருங்கள்: "எங்கிருந்து வந்தது", "இந்தத் தகவல் எதில் கிடைத்தது". இரண்டாவதைப் பலர் சோம்பலில் விட்டுவிடுவார்கள். முந்நூறாவது வரிக்கு வரும்போது முப்பதாவது வரியில் உள்ள தேதியை எங்கே பார்த்தோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஆகவே ஆரம்பத்திலிருந்தே எழுதிக்கொண்டு வாருங்கள். தேதியை முழுசாகத் தெரிந்தால் முழுசாக, வருஷம் மட்டும் தெரிந்தால் வருஷம் மட்டும். "இலையுதிர்காலம் 2002" என்று ஒரு கையேட்டில் இருந்தால் அப்படியே எழுதுங்கள், நீங்களாக செப்டம்பர் 1 என்று மாற்றாதீர்கள்.

"எங்கிருந்து வந்தது" என்பதற்கு மூன்று விடைதான் பெரும்பாலும் வரும். சொந்தச் சேகரிப்பிலிருந்து எடுத்து வைத்தது, கூடமே ஆராய்ந்து பல இடங்களில் இரவல் வாங்கிச் செய்தது, வேறு ஒரு நிறுவனம் தயாரித்து ஊர் ஊராகச் சுற்றி வந்தது. இந்த ஒரு கட்டத்தை நிரப்பி வரிசைப்படுத்தினால் போதும், அதுவரை வெறும் தலைப்புகளாகத் தெரிந்தவை கதையாகப் பேச ஆரம்பிக்கும்.

கிரேயில் அப்படி வரிசைப்படுத்தினால் என்ன தெரியும் என்று பார்ப்போம். கூடத்துக்குப் பெயர் தந்த ஏபி வீட் கிரே மின்னசோட்டாவைச் சேர்ந்தவர், ராணுவ அதிகாரி ஒருவரின் மனைவி. கணவர் இறந்த பிறகு 1960இல் உலகப் பயணம் கிளம்பியவர், போன நாடுகளில் அப்போது வேலை செய்துகொண்டிருந்த கலைஞர்களைத் தேடிப் பிடித்து அவர்களிடம் வாங்க ஆரம்பித்தார். பழைய சிற்பம், பழைய சுவடி என்று எல்லாரும் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் இவர் ஈரான், இந்தியா, துருக்கியின் அன்றைய நவீனக் கலையை வாங்கினார். சுமார் 700 படைப்புகள், அவற்றோடு கூடத்தை நடத்தப் பணம், இரண்டையும் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததால் உருவானதுதான் இந்த இடம். ஆகவே 2002இல் நவீன ஈரானியக் காட்சிப் பண்பாடு பற்றி 'பிட்வீன் வேர்ட் அண்ட் இமேஜ்', 2015இல் 'ஏபி கிரே அண்ட் இண்டியன் மாடர்னிசம்', 2019இல் ஈரான், துருக்கி, இந்தியா மூன்றையும் சேர்த்து 'மாடர்னிசம்ஸ்' என்று சில வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கமே திரும்பி வருவது தற்செயல் இல்லை. கிடங்கில் இருப்பதுதான் திரும்பத் திரும்ப வெளியே வருகிறது. எம். எஃப். உசேன், பிரபாகர் பர்வே போன்ற இந்திய ஓவியர்கள் மன்ஹாட்டனில் ஒரு மாணவர் கூடத்தில் ஏன் தொங்கினார்கள் என்ற கேள்விக்கு விடை 1960களில் ஒரு பெண்மணி செய்த பயணங்களில் இருக்கிறது.

இன்னொரு இழை ஊரைப் பற்றியது. 2006இல் 'தி டவுன்டவுன் ஷோ', 1974 முதல் 1984 வரையிலான நியூயார்க் கலையுலகம். 2017இல் 'இன்வென்டிங் டவுன்டவுன்', 1952 முதல் 1965 வரை கலைஞர்களே நடத்திய கூடங்கள் பற்றியது. இவை கூடத்தின் சொந்த ஆராய்ச்சி வகை. சுற்றியிருக்கிற தெருக்களில் நடந்ததையே ஆராய்ந்திருக்கிறார்கள்.

சரி, இனி சிக்கல்கள். தலைப்பிலிருந்து தொடங்கலாம். 2002 ஈரான் கண்காட்சியின் பெயர் ஒன்று, அதையொட்டி வந்த புத்தகத்தின் பெயர் 'பிக்சரிங் ஈரான்' என்று வேறொன்று. நூலகத்தில் கண்காட்சிப் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு கேட்டலாக் வரவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வருஷத்தையும் தொகுப்பாசிரியர் பெயரையும் போட்டு இன்னொரு தடவை தேடுங்கள்.

இடம் அடுத்தது. 'தி டவுன்டவுன் ஷோ' கிரே கூடத்தில் மட்டும் நடக்கவில்லை, பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகத்திலும் சேர்ந்தே நடந்தது, அதற்குப் பிறகு பிட்ஸ்பர்க்குக்கும் ஆஸ்டினுக்கும் போனது. 'இன்வென்டிங் டவுன்டவுன்' அதே வருஷம் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகத்துக்குப் போனது. இப்படிப் பயணம் போகிற கண்காட்சிக்கு ஒரே வரிதான், ஊர்களை அதன் கீழே துணை வரியாகப் போடுங்கள். ஒவ்வோர் ஊருக்கும் தனி வரி போட்டால் எண்ணிக்கை ஊதிவிடும். போகிற ஊர்களில் எல்லாப் படைப்பும் கூடவே போகும் என்றும் சொல்ல முடியாது. இரவல் கொடுத்தவர் ஓர் ஊருக்கு மட்டும் சம்மதித்திருக்கலாம், அதனால் ஓர் ஊரின் படைப்புப் பட்டியலை வைத்து இன்னோர் ஊரைப் பற்றி எழுதக் கூடாது.

தேதிக்கு நல்ல உதாரணம் 2020. ஷார்ஜாவின் பர்ஜீல் கலை அறக்கட்டளையின் சேகரிப்பிலிருந்து வந்த 'டேக்கிங் ஷேப்', அரபு உலகின் அரூபக் கலை பற்றியது, ஜனவரியில் திறந்து ஏப்ரல் வரை இருக்கும் என்று அறிவித்திருந்தார்கள். மார்ச்சில் கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடியது. அழைப்பிதழில் ஏப்ரல் என்று இருக்கும், ஆனால் ஏப்ரலில் அங்கே ஒருவரும் போய்ப் பார்த்திருக்க முடியாது. ஆகவே "அறிவித்த முடிவு" ஒரு கட்டம், "உண்மையான முடிவு" இன்னொரு கட்டம். மழை, வேலைநிறுத்தம், கூரை ஒழுகல் என்று பழைய காலத்திலும் இப்படி நடந்திருக்கும். அறிவிப்பை மட்டும் நம்பினால் அது தெரிய வராது. இதைச் சரிபார்க்க மாணவர் பத்திரிகை மாதிரி உதவுவது வேறில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கு 1973 முதல் 'வாஷிங்டன் ஸ்கொயர் நியூஸ்' இருக்கிறது. பெரிய பத்திரிகைகளின் விமர்சகர் நல்ல கண்காட்சிக்குத்தான் வருவார், மாணவர் பத்திரிகைக்காரர் கூட்டமே வராத கண்காட்சிக்கும் வருவார்.

சுவரில் என்ன தொங்கியது என்று கண்டுபிடிப்பதுதான் இருப்பதிலேயே கடினம், ருசியானதும் அதுதான். கூடம் தயாரித்த படைப்புப் பட்டியல் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் படைப்பின் பக்கத்திலிருந்து வாருங்கள். இன்று அந்தப் படம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறதோ அதன் இணையப் பக்கத்தில் உரிமை வரலாறும், சில சமயம் எந்தெந்தக் கண்காட்சியில் வைத்தார்கள் என்பதும் இருக்கும். காலட்டினின் படங்களை பிலடெல்பியா தளத்தில் அவர் பெயரைப் போட்டே மொத்தமாக எடுத்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவற்றில் பலவற்றின் அடிக்குறிப்பில் 1952 என்று இருக்கும். அது அவர் இறந்த வருஷம், படங்கள் சட்டப்படி அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான வருஷம்; நியூயார்க்கை விட்டுக் கிளம்பியது அதற்கு ஒன்பது வருஷம் முன்பே. அதே போல பிக்காசோவின் 'மூன்று இசைக் கலைஞர்கள்' 1921இல் வரைந்த இரண்டு பெரிய படங்கள், பெயரும் ஒன்று, வருஷமும் ஒன்று. காலட்டினிடம் இருந்தது இப்போது பிலடெல்பியாவில் இருப்பது. மற்றது நவீனக் கலை அருங்காட்சியகத்தில். இணையத்தில் படத்தை மாற்றிப் போட்டிருப்பவர்கள் ஏராளம், நீங்களும் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம். படம் எந்த வருஷம் காலட்டின் கைக்கு வந்தது என்பதையும் பாருங்கள், அதற்கு முன் அது அந்தப் படிப்பறையில் இருந்திருக்க முடியாதே.

தேடுகிற இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் கூடத்தின் கோப்புகளுக்கு ஒரு விவரப் பட்டியல் இருக்கும், பெட்டி எண்ணோடு. அதை முதலில் இணையத்தில் படித்துவிட்டு எந்தப் பெட்டி வேண்டும் என்று குறித்துக்கொண்டு போங்கள். பெட்டிக்குள் அழைப்பிதழ், பத்திரிகைக் குறிப்பு, இரவல் ஒப்பந்தம், சுவரில் மாட்டிய பிறகு எடுத்த புகைப்படம், பார்வையாளர் பதிவேடு எல்லாம் கலந்து கிடக்கும். இதில் எனக்குப் பிடித்தது இரவல் ஒப்பந்தம், பார்க்க அலுப்பான தாள்தான், ஆனால் யார் கொடுத்தார், எவ்வளவுக்குக் காப்பீடு, எப்போது திரும்பியது என்று மூன்றையும் ஒரே பக்கத்தில் சொல்லிவிடும். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு நடந்தவற்றுக்கு, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கிற வேபேக் மெஷின் இருக்கிறது. கிரே 2024 மார்ச்சில் 18 கூப்பர் சதுக்கத்துக்குக் குடிபோய் 'கிரே கலை அருங்காட்சியகம்' என்று பெயர் மாற்றிக்கொண்டதே, அந்த மாதிரி சமயங்களில் இணைய முகவரியும் மாறும், பழைய இணைப்புகள் செத்துப்போகும். பழைய முகவரியைப் போட்டுத் தேட வேண்டும். பெயர் மாற்றத்தைப் பட்டியலிலும் பின்தேதியிட்டுத் திருத்தாதீர்கள், 2006 கண்காட்சி நடந்தது கிரே கலைக்கூடத்தில், அருங்காட்சியகத்தில் அல்ல.

கூடத்துக்கே மின்னஞ்சல் எழுதலாம், பெரும்பாலும் பதில் போடுவார்கள். ஆனால் "உங்கள் கண்காட்சிகள் பற்றிய விவரம் அனுப்பவும்" என்று எழுதினால் யாரும் தொட மாட்டார்கள். எந்தக் கண்காட்சி, எந்த வருஷம், உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது, எது முரண்படுகிறது என்று நான்கு வரியில் எழுதி, கேள்வி ஒன்றே ஒன்று கேளுங்கள். டைரக்டருக்கு எழுதாதீர்கள். படைப்புகள் வருவதையும் போவதையும் பதிவு செய்கிற ரெஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள், பட்டியல் அவரிடம்தான் இருக்கும். செமஸ்டர் தொடக்கத்தில், புதுக் கண்காட்சி மாட்டுகிற வாரத்தில் எழுதினால் பதில் தாமதமாகும்.

தொகுத்ததை வெளியிடும்போது தலைப்பு, தேதி, பெயர் போன்ற தகவல்களைத் தாராளமாகப் போடலாம். கண்காட்சிப் புகைப்படங்கள் விஷயம் வேறு: எடுத்தவருக்கு ஓர் உரிமை, படத்துக்குள் தெரிகிற படைப்பின் கலைஞருக்கு இன்னோர் உரிமை. அனுமதி வாங்கும்வரை படத்தை எடுத்துப் போடாமல் அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற எண்ணை மட்டும் கொடுங்கள். தெரியாத கட்டங்களைக் காலியாகவே விடுங்கள்; அந்தக் கூடத்தில் வேலை பார்த்த யாராவது பார்த்துவிட்டு இது இப்படி என்று எழுதி அனுப்ப வாய்ப்பு உண்டு, அதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரியையும் தாளின் மேலேயே போட்டு வையுங்கள்.