தூண்டில் முள் கையில் ஏறினால்: மீன் பிடிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூண்டிற்காரனுக்கு மிதப்பின் மேலே கண் என்பார்கள். மிதப்பு ஒரு முறை அமுங்கி எழுந்தால் போதும், பக்கத்தில் நிற்பவர் கூப்பிடுவதுகூடக் காதில் விழாது. அந்த நேரத்தில் முள்ளின் மேல் யார் கண்ணும் இருப்பதில்லை. நான் நேரில் பார்த்த காயங்களில் ஒன்றுகூட, மீனுக்காகக் காத்துக் கிடந்த நேரத்தில் நேர்ந்ததில்லை. மீன் சிக்கிய பரபரப்பில் நேர்ந்தவைதான் ஏராளம்; முள் எங்கோ மாட்டிக்கொண்ட எரிச்சலில் நேர்ந்தவை மீதி.

என் வலது கைப் பெருவிரலில், நகத்துக்குச் சற்றுக் கீழே, வெள்ளையாக ஒரு தழும்பு இருக்கிறது. தாமிரபரணிப் படித்துறை ஒன்றில், பள்ளி விடுமுறையில் வந்தது. அரைச் சாண் ஜிலேபி மீன். இடது கையால் தூண்டில் நரம்பை, அதாவது முள் கட்டிய நைலான் இழையை, தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மீனைப் பற்றினேன். அது முதுகுத் துடுப்பை விரித்தது. வரிசையாக நிற்கும் அந்த முட்கள் உள்ளங்கையில் குத்தியதும் பிடி தானாகத் தளர்ந்தது. ஒரே ஒரு துள்ளல். மீனின் உதட்டைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த தூண்டில் முனை என் பெருவிரலில் இறங்கிவிட்டது. ஒரே முள்ளில் மீனும் நானும். அது துடிக்கும்போதெல்லாம் முள் இன்னும் ஆழமாகப் போனது. உடன் இருந்த மாமா ஈரத் துண்டை மீன் மேல் போட்டு அழுத்திப் பிடித்தார். “இழுக்காதே மருமகனே, பொறு” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் இழுத்துவிட்டேன். முள் குத்திய காயம் ஒரு புள்ளி அளவுதான். தழும்பு முழுவதும் அந்த இழுப்பால் வந்தது.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஒரு தூண்டில் முள்ளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கூர்முனைக்குக் கீழே, உலோகத்தைச் சீவிவிட்டது போல ஒரு சிறு செதில் பின்னோக்கி நிற்கும். எதிர்முள் என்று சொல்லிக்கொள்வோம். உள்ளே போகும்போது அது முனையைத் தொடர்ந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும் வழியில் தசையில் மாட்டிக்கொண்டு கிழிக்கும். மீனின் வாயிலிருந்து கழன்றுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். சில வகை முட்களில், மண்புழு நழுவாமல் இருப்பதற்காகத் தண்டிலும் இரண்டு மூன்று கீறல்கள் வெட்டியிருப்பார்கள். உங்கள் பெட்டியில் இருப்பது எந்த வகை என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

முள் ஏறுவதற்கு முன்னால்

மீனை அந்தரத்தில் தொங்கவிட்டு வெறும் கையால் கழற்றுவதுதான் முதல் தவறு. நான் செய்ததும் அதுதான். மீனைத் தரையில் கிடத்தி, ஈரத் துணியால் தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நரம்பைத் தளர்த்திவிடுங்கள். நரம்பு விறைப்பாக இருக்கும்போது முள் கழன்றால், அது நேராகக் கைக்கோ முகத்துக்கோதான் வரும். பிறகு, நீண்ட மூக்குள்ள குறடால் முள்ளின் வளைவைப் பிடித்து, குத்திய திசைக்கு எதிராகத் திருப்பி எடுங்கள். விரல் முள்ளின் அருகே போகவே வேண்டியதில்லை. கெளுத்தி என்றால் இன்னும் கவனம் வேண்டும். முதுகில் ஒன்று, இரு பக்கத்திலும் ஒவ்வொன்று என்று அதற்கே மூன்று முட்கள் உண்டு. அவை குத்தினால் நஞ்சும் சேர்ந்து ஏறும். தோல் வெந்துவிடாத அளவுக்குப் பொறுக்கக்கூடிய சூட்டில், வெந்நீரில் கையை வைத்திருந்தால் அந்த வலி தணியும்.

விராலுக்கும் கொடுவாவுக்கும் செயற்கை இரை வீசுகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த இரைகளில் பல, மூன்று முனைகள் சேர்ந்த கொக்கிகளோடு வருகின்றன. சில இரைகளில் அப்படி இரண்டு கொக்கிகள். ஒரு முனை மீனின் வாயில் இருந்தால், மீதி ஐந்தும் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். மீன் தலையை உதறும்போது அவையும் சேர்ந்து உதறும். இந்த வகைக் கொக்கி மாட்டிய மீனைக் குறடு இல்லாமல் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. குறடு மறந்து வந்த நாளில் ஒற்றை முள் தூண்டிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது, மாட்டிக்கொண்ட முள்ளை ஆத்திரத்தோடு இழுப்பது. மரவேரிலோ பாறை இடுக்கிலோ பாசியிலோ முள் சிக்கினால், கழியை வில்லாக வளைத்து வெடுக்கென்று இழுக்கிறோம். நைலான் நரம்பு நீளும் தன்மையுடையது. முள் சட்டென்று விடுபட்டால், நீண்ட நரம்பு சுருங்குகிற வேகத்தில் முள்ளும் ஈயக்குண்டும் உண்டிவில்லிலிருந்து புறப்பட்ட கல்லாகத் திரும்பி வரும். எங்கே வரும்? எந்தப் பக்கம் இழுத்தோமோ அந்தப் பக்கம், அதாவது நம் முகத்துக்கு. கண் போன காயங்கள் இப்படி நேர்ந்திருக்கின்றன. கழியை நரம்பின் நேர்க்கோட்டில் தாழ்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நரம்பை ஒரு குச்சியில் சுற்றிப் பின்னால் நடங்கள். வெறும் கையில் சுற்றினால் நரம்பே தோலை அறுத்துவிடும். வரவில்லையென்றால் அறுத்துவிட்டுப் போங்கள். ஒரு முள்ளின் விலை ஒரு டீயின் விலைகூட இருக்காது.

வீசுவதற்கு முன் பின்னால் திரும்பிப் பார்க்காததும் இதே வகைதான். முட்டுக்காடு போன்ற கழிமுகங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். தோளோடு தோள் உரசி நிற்பார்கள், பின்னால் குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் சுழற்றி வீசுகிறவர் தன் முள்ளின் பாதையைப் பார்ப்பதே இல்லை. கூட்டமான இடத்தில் தலைக்கு மேலாக மட்டும் வீசுங்கள். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கண்ணாடி அணியுங்கள். பாலிகார்பனேட் கண்ணாடியாக இருந்தால் மிகவும் நல்லது, எளிதில் உடையாது.

நரம்பைப் பல்லால் கடித்து அறுப்பதும், முடிச்சுப் போடும்போது முள்ளை உதட்டில் கவ்வி வைத்துக்கொள்வதும் பலருக்கும் உள்ள பழக்கம். ஒரு நகவெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் இந்தப் பழக்கம் தேவைப்படாது. கரையில் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். ஒடிந்த முள்ளைக் கரையிலேயே போட்டுவிட்டும் வர வேண்டாம். அடுத்து அங்கே மிதிப்பது ஒரு கன்றுக்குட்டியாகவும் இருக்கலாம்.

முள் ஏறிய பிறகு

முதலில் எல்லா அசைவையும் நிறுத்த வேண்டும். மீன் முள்ளில் இருந்தால் யாராவது அதை அழுத்திப் பிடிக்கட்டும். தூண்டில் நரம்பை வெட்டுங்கள். குறடு கையில் இருந்தால் இரையையும் மற்ற முனைகளையும் பிரித்துவிடுங்கள். முடியாவிட்டால் வெளியே நிற்கும் முனைகளைத் துணியாலோ தக்கையாலோ மூடுங்கள். விரலில் மோதிரம் இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது.

முள் கண்ணிலோ இமையிலோ ஏறியிருந்தால் அதைத் தொடவே கூடாது. கழுவக் கூடாது, மருந்து விடக் கூடாது, அழுத்திக் கட்டு போடக் கூடாது. ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணின் மேல் கவிழ்த்து, அது முள்ளில் படாதபடி, விளிம்பு எலும்பில் நிற்குமாறு ஒட்டிவிட்டு, கண் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாகனம் இல்லையென்றால் 108. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். கழுத்து, முகம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் ஏறினாலும், விரல் மரத்துப்போனாலும், மடக்க முடியாமல் போனாலும், இரத்தம் பீறிட்டாலும் கைவைத்தியம் கிடையாது. முள்ளை அசையாமல் கட்டி, அப்படியே மருத்துவரிடம் போக வேண்டும்.

வந்த வழியே இழுக்கக் கூடாது என்று தெரிந்தவர்களும் செய்கிற இன்னொரு தவறு உண்டு. முள்ளை முன்னோக்கித் தள்ளி, முனையைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, எதிர்முள்ளை வெட்டிவிட்டு, மீதியைப் பின்னால் உருவுவது. இது உண்மையான மருத்துவ முறைதான். ஆனால் மருத்துவர் அதை மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, உள்ளே நரம்பும் தசைநாணும் எங்கே ஓடுகின்றன என்று அறிந்து செய்கிறார். ஆற்றங்கரையில் நாம் வலியோடு, நடுங்கும் கையோடு, கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிறோம். நல்ல முட்கள் கடினமாக்கிய எஃகில் செய்தவை. சாதாரணக் குறடால் அவற்றை வெட்ட முடியாமல் பாதியில் நிற்பதும், வெட்டிய துண்டு தெறிப்பதும் நடக்கும்.

கயிற்று முறை என்று ஒன்று இருக்கிறது. 1961இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாகி, பிறகு உலகமெங்கும் பரவியது. கையின் மேற்பகுதி, முதுகு போன்ற இடங்களில், ஆழமில்லாமல் ஏறிய ஒற்றை முள்ளுக்கு மட்டும் இது பொருந்தும். காது மடல் போல ஆடும் இடத்தில் பயன்படாது. தண்டிலும் கீறல் வெட்டிய முள் என்றால் இதைச் செய்யவே கூடாது. முள்ளின் வளைவில் உறுதியான நூலை மடித்து மாட்டி, நூலின் நுனிகளை ஒரு கையில் நன்றாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். மற்றொரு கை விரலால், முள்ளின் தண்டைத் தோலை நோக்கிக் கீழே அழுத்த வேண்டும். இந்த அழுத்தத்தில்தான் எதிர்முள் தசையிலிருந்து விடுபடுகிறது. அழுத்தத்தை விடாமல், தண்டுக்கு இணையாக, வெடுக்கென்று ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். தயங்கித் தயங்கி இழுத்தால் கிழியும். முள் பறந்து வரும் என்பதால் எதிரில் யாரும் நிற்கக் கூடாது. இதை நேரில் பார்த்துப் பழகிய ஒருவர் செய்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். யாருக்கும் பழக்கமில்லை என்றால், முள்ளோடே மருத்துவரிடம் போவதில் எந்தக் குறையும் இல்லை. போகும்போது உங்கள் பெட்டியிலிருந்து அதே வகை முள் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளே புதைந்திருப்பதன் வடிவத்தை மருத்துவர் அதைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

முள் வெளியே வந்ததும் காரியம் முடிந்துவிட்டதாக நினைப்பதில்தான் எனக்குப் பெரிய கவலை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுச் சில நிமிடங்கள் கழுவ வேண்டும். சுத்தமான தண்ணீரில், ஆற்றுத் தண்ணீரில் அல்ல. காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். பசையால் ஒட்டவும் வேண்டாம். குத்துக்காயத்தின் வாய் சிறியது, குழி ஆழமானது. வாயை அடைத்தால் அழுக்கு உள்ளேயே தங்கிவிடும்.

துருப்பிடித்த முள் என்றால்தான் டெட்டனஸ் ஊசி என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. டெட்டனஸுக்குக் காரணம் துரு இல்லை. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமிதான் காரணம். மண்புழு கோத்த முள் என்பது மண் தொட்ட முள். அழுக்கான காயத்துக்கு, கடைசித் தடுப்பூசி போட்டு 5 வருடம் கடந்திருந்தால் மீண்டும் போட வேண்டும். எப்போது போட்டோம் என்று நினைவே இல்லையென்றால், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நன்னீரில் வாழும் கிருமிகள் வேறு, கடலிலும் கழிமுகத்திலும் வாழும் கிருமிகள் வேறு. அதனால் எந்தத் தண்ணீரில் குத்தியது என்று மருத்துவரிடம் சொல்வது மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும். மருந்துக் கடையில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறவர்கள் இந்த இடத்தில் தவறிவிடுகிறார்கள். உவர்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி, கல்லீரல் நோய் உள்ளவர்களின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நீரிழிவு உள்ளவர்களும் சிறு காயம்தானே என்று விட்டுவிடக் கூடாது. சிவப்பு பரவினாலும், வலி குறையாமல் விண்விண்ணென்று தெறித்தாலும், சீழ் கட்டினாலும், காய்ச்சல் வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சில வாரங்கள் கழித்து அந்த இடத்தில் ஆறாத கட்டி தோன்றினால், முன்பு முள் குத்தியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தண்ணீரிலிருந்து தொற்றும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி அப்படி மெல்லத்தான் தலைகாட்டும்.

மாமா இன்றும் தூண்டில் போடுகிறார். புது முட்கள் வாங்கி வந்தால் அன்று மாலையே திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் எதிர்முள்ளையும் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுவார். நரம்பைத் தொய்யவிடாமல் இழுத்தால் எதிர்முள் இல்லாமலும் மீன் வரும் என்பது அவருடைய அனுபவம். நசுக்கிய முள்ளை ஒரு துண்டுப் பஞ்சில் குத்தி மெல்ல உருவிப் பார்ப்பார். ஒரு இழைகூடச் சிக்காமல் வந்தால்தான் அந்த முள் பெட்டிக்குள் போகும்.